காகித நூல்: ஒரு கோன், ஒரு ஜோடி சாக்ஸ்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் அதோடு போகலாம். காகித நூலை, அதாவது தாளைக் கீறி முறுக்கின நூலை, பைக்கும் தொப்பிக்கும் ஜன்னல் திரைக்கும் தாராளமாக வாங்கலாம். சாக்ஸாக வாங்குவதென்றால் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். தறி வைத்திருப்பவர்கள் ஊடைக்கு, அதாவது குறுக்கே ஓடும் நூலுக்கு, போடலாம். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் பாவுக்குப் போடப் போகிறேன் என்று யாராவது சொன்னால் அவரிடம் பொறுமையும் காசும் கொட்டிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிக் குடும்பம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தார் (ஊடை நூல் ஏற்றும் குச்சி) சுற்றிக் கொடுத்த பிறகுதான் கிரிக்கெட். இப்போது ஜப்பானில், ஒசாகாவில் இயந்திர வரைபடம் போடுகிற வேலை. ஆனாலும் நூல் கையில் கிடைத்தால் முறுக்கைப் பிரித்துப் பார்க்காமல் விடுவதில்லை, சட்டை எடுக்கப் போன கடையிலும்கூட. கூட வருகிற மனைவி நான்கு அடி தள்ளி நின்றுகொள்வாள்.

முதலில் சாக்ஸ். ஜூன் மாத மழைக்காலத்தில் ஒசாகாவில் நாள் முழுக்க ஷூவுக்குள் கிடந்த கால் சாயங்காலம் எந்த நிலையில் இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அந்தக் காலோடு அலுவலகக்காரர்களுடன் சாப்பிடப் போனால், வாசலிலேயே ஷூவைக் கழற்றச் சொல்லும் கடையாகத்தான் பார்த்து அழைத்துப் போவார்கள். அதனால்தான் ‘காகித சாக்ஸ், வியர்வை தங்காது, வாடை வராது’ என்ற அட்டையைப் பார்த்ததும் 1,980 யென் கொடுத்துவிட்டேன். அதே கடையில் மூன்று ஜோடி பருத்தி சாக்ஸ் 1,000 யென்னுக்குக் கிடந்தது.

போட்டதும் தெரிகிற வித்தியாசம், அது காலோடு ஒட்டுவதில்லை. புதுசாகக் கஞ்சி போட்ட வேட்டியைக் கட்டின உணர்வு. பருத்தி நூலின் மேல் சின்னச் சின்ன மயிர் போல இழை நுனிகள் நீட்டிக்கொண்டிருக்கும். வியர்வை பட்டதும் அவை படிந்து தோலோடு ஒட்டும். காகித நூலுக்கு அந்த மயிரே கிடையாது, மேல்பரப்பு வழுவழு. நூலும் விறைப்பானது என்பதால் துணிக்கும் தோலுக்கும் நடுவே காற்றுக்கு வழி இருக்கிறது. வியர்வையை உறிஞ்சவும் செய்கிறது, சீக்கிரம் காயவும் செய்கிறது. வாடை விஷயத்தில் அட்டையில் போட்ட அளவுக்கு இல்லை என்றாலும், ஷூவைக் கழற்றும்போது தயக்கம் குறைந்தது. கிருமியைக் கொல்லும் என்றெல்லாம் அட்டையின் பின்பக்கத்தில் எழுதியிருந்தது. அதைச் சோதிக்க என்னிடம் மூக்கு மட்டும்தான் இருக்கிறது.

தேய்மானம்தான் குறை. குதிகாலிலும் பெருவிரல் நுனியிலும் மற்ற இடங்களுக்கு முன்பே துணி மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் வலை மாதிரி தெரிய ஆரம்பித்தது. காகித நூல் இழுத்தால் தாங்கும். ஈரத்தோடு வைத்துத் தேய்த்தால் தாங்காது. ஷூவுக்குள் நடப்பது முழுக்க இந்த இரண்டாவதுதான்.

சாக்ஸின் லேபிளைப் படியுங்கள் என்றேனே, அதில் காகிதம் 35 விழுக்காடுதான். மீதி பருத்தி, பாலியெஸ்டர், நைலான், கொஞ்சம் பாலியூரித்தேன். ஜப்பானிய லேபிளில் பருத்தி, பட்டு, கம்பளி போலக் காகிதத்துக்குத் தனி வகை கிடையாது. ‘வகைக்குள் வராத இழை’ என்று போட்டு, அடைப்புக்குள் காகிதம் என்று எழுதுகிறார்கள். அட்டையின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது லேபிளில் இந்த மூலையில் உட்கார்ந்திருக்கும்.

சாக்ஸிலிருந்து ஒரு நூலை உருவி, ஊரில் செய்வதுபோல நுனியில் தீக்குச்சி வைத்தேன். காகிதம் எரிந்த வாசனை வந்தது, கூடவே நுனியில் கருப்பாக ஒரு முத்து உருண்டு நின்றது. பாலியெஸ்டர். அதை மண்ணில் புதைத்தால் காகிதம் போய்விடும், முத்து இருக்கும். ‘இயற்கைக்குத் திரும்பும் இழை’ என்று அட்டையில் அச்சடித்தவர் எந்த இழையைச் சொன்னாரோ.

கலப்படமில்லாத நூலைப் பார்த்தே தீர்வது என்று செம்பா போனேன். ஒசாகாவில் துணி, நூல், பட்டன் மொத்த வியாபாரம் காலங்காலமாக நடக்கிற வட்டாரம் அது. ஒரு சின்னக் கடையில் காகித நூல் கோன் (கூம்பில் சுற்றின நூல்) கிடைத்தது. 250 கிராம், 3,800 யென், வெளுக்காத பழுப்பு நிறம். கிராமுக்கு 20 மீட்டர் என்று போட்டிருந்தது. நம்மூர்க் கணக்கில் ஏறக்குறைய 12-ஆம் நம்பர் (நம்பர் கூடினால் நூல் மெலியும்). மூலப்பொருள் அபாக்கா, அதாவது மணிலா நார். பிலிப்பைன்ஸில் வளர்கிற, வாழைக்கு ஒன்றுவிட்ட சொந்தமான செடி. உலகத்து அபாக்காவில் பெரும்பங்கு அங்கேயிருந்துதான் வருகிறது. தேயிலைப் பைகளுக்கான காகிதம் இதிலும் செய்வார்கள். ஜப்பானின் யென் நோட்டுகளிலும் இது உண்டு. நோட்டைத் துவைக்கிற சட்டைப் பையில் மறந்து வைத்தாலும் பிழைத்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு முழம் வெட்டி, நனைத்து, ஊசி முனையால் முறுக்கைப் பிரித்தேன். பஞ்சு நூலைப் பிரித்தால் பஞ்சாகிவிடும். இது நாடாவாக விரிந்தது. மூன்றரை மில்லிமீட்டர் அகலத்தில், விளக்குக்கு எதிரே பிடித்தால் குறுக்கும் நெடுக்குமாக இழைகள் தெரிகிற நாடா. கணக்கும் ஒத்துவருகிறது: கிராமுக்கு 20 மீட்டர் என்றால் ஒரு மீட்டர் 0.05 கிராம், அகலம் மூன்றரை மில்லிமீட்டர் என்றால் காகிதத்தின் கனம் சதுர மீட்டருக்கு 14 கிராம். நாம் பிரிண்டரில் போடுகிற தாள் 70, 80 கிராம். ஆக, மிக மெல்லிய காகிதச் சுருளை இயந்திரத்தில் நீள நீளமாகக் கீறி, முறுக்கி, கோனில் ஏற்றுகிறார்கள். நூலின் நம்பரைத் தீர்மானிப்பது கீறும் அகலமும் காகிதத்தின் கனமும்தான். பஞ்சை நூலாக்க நூற்பாலையில் செய்கிற சீவுவது, இழுவை, ரோவிங் எதுவும் கிடையாது. நூற்பாலை பார்த்து வளர்ந்தவனுக்கு இது கொஞ்சம் ஏமாற்று வேலையாகக்கூடத் தோன்றும்.

பருத்தி இழை ஏறக்குறைய 25 முதல் 30 மில்லிமீட்டர் நீளம். முறுக்கினால் இழையும் இழையும் உரசிப் பிடித்துக்கொள்ளும், நூலாகும். மரக்கூழின் இழை ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர். அதை நேராக நூற்கவே முடியாது, உதிரும். அபாக்கா ஆறு மில்லிமீட்டர் அளவில் இருக்கும். ஜப்பானியர்கள் கையால் காகிதம் செய்யப் பயன்படுத்துகிற கோஸோ என்ற காகித முசுக்கட்டையின் பட்டை நார் பத்து மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். நூற்பாலைக்கு இவையும் குட்டைதான். அந்தக் குட்டை இழைகளைத் தண்ணீரில் கலக்கித் தாளாக வார்த்து உலர்த்தும்போது அவை ஒன்றோடொன்று தாமாகப் பிணைந்துகொள்கின்றன. பிறகு தாளைக் கீறி முறுக்கினால் குட்டை இழையிலிருந்தும் நூல் கிடைத்துவிடுகிறது.

அந்தப் பிணைப்புக்குத் தண்ணீர்தான் எதிரி. பருத்தி நூல் நனைந்தால் பலம் கூடும். அதனால்தான் அடித்துத் துவைத்தும் வேட்டி வருஷக் கணக்கில் வருகிறது. காகித நூல் நனைந்தால் பலம் குறையும். கோனிலிருந்து ஒரு முழம் காய்ந்த நூலைக் கையால் அறுக்கப் பார்த்தேன், விரலில் தடம் பதிந்ததுதான் மிச்சம். அதையே நனைத்து இழுத்தபோது அறுந்தது. சுலபமாக இல்லை என்றாலும் அறுந்தது. இந்த நூலைப் பற்றி எந்த விளம்பரம் எதைச் சொன்னாலும் இந்த ஒரு விஷயத்தை வைத்தே எடை போடுங்கள்.

ஜப்பானியர்களுக்கு இது புதுசில்லை. வடகிழக்கில் மியாகி மாகாணத்தில் ஷிரோயிஷி என்று ஓர் ஊர். குளிரில் பருத்தி சரியாக விளையாத பக்கம். ஷோகன்கள் ஆண்ட எடோ காலத்தில் (1603–1868) அங்கே காகித நூல் துணி பேர் பெற்றிருந்தது, ஷிஃபு என்பார்கள். பட்டிலோ பருத்தியிலோ பாவு ஓட்டி, காகித நூலை ஊடையாகப் போடுவதுதான் பெருவழக்கு. இரண்டுமே காகிதமாக நெய்வதும் உண்டு, அபூர்வம். நல்ல ஷிஃபு சாமுராய்களின் கோடை உடையானது. ஏழைகள் பழைய கணக்கு நோட்டுகளைக் கிழித்து நூலாக்கினார்கள். மையெழுத்து துணியில் கரும்புள்ளியாகத் தெரியும். கடன் கணக்கை உடம்பில் சுற்றிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள்.

அவர்கள் செய்யும் முறை எனக்கு இயந்திரத்தைவிடப் பிடித்தது. கோஸோ தாளை மடித்து, இரண்டு ஓரத்தையும் விட்டுவிட்டு நடுவில் மட்டும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் வரிவரியாகக் கத்தியால் கீறுவார்கள். ஈரத்துணியில் பொதிந்து வைத்து, பிறகு சொரசொரப்பான கல்லில் வைத்து உள்ளங்கையால் உருட்டுவார்கள். வரிகள் ஒவ்வொன்றும் உருண்டுகொள்ளும். அப்புறம் ஓரத்தை ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி மாறிக் கிழித்துக்கொண்டே போனால், முழுத் தாளும் முடிச்சே இல்லாத ஒரே நூலாக வந்துவிடும். கிழித்த இடத்தை விரலால் முறுக்கிவிடுவதால் அங்கே மட்டும் சின்னதாக ஒரு தடிப்பு இருக்கும். கடைசியில் ராட்டையில் ஏற்றி முறுக்குவது. கைத்தறித் துணியை அதன் கரையைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடிப்பதைப் போல, கையால் செய்த ஷிஃபுவை இந்தத் தடிப்பை வைத்துச் சொல்லலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேடையில் கோஸோ தாளை வைத்து இதைச் செய்து பார்த்தேன், வந்தது. அதே மாதிரி செய்தித்தாளைக் கீறி ஈரப்படுத்தி உருட்டினால் கையோடு பிய்ந்து வந்தது. அரைத்த மரக்கூழ், குட்டை இழை. ‘பழைய பேப்பரிலிருந்து புடவை’ என்று எங்கேயாவது படித்தால் எந்தப் பேப்பர் என்று கேளுங்கள்.

ஈரத்தைத் தாங்க வைக்கவும் அவர்களிடம் ஒரு வழி இருந்தது. நம் சேனைக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்த கொன்யாக்கு கிழங்கின் மாவைப் பசையாக்கித் தாளில் தடவுவார்கள். இரண்டாம் உலகப் போரின் கடைசியில் பசிபிக் கடலைத் தாண்டி அமெரிக்காவை நோக்கிப் பறக்கவிட்ட குண்டு பலூன்கள் கோஸோ தாளை இந்தப் பசையால் ஒட்டிச் செய்தவைதான். நாராவில் தோதாய்ஜி கோயிலின் ஷுனி-ஏ சடங்கில் துறவிகள் இன்றும் காகித அங்கி அணிகிறார்கள். அது நூலாக நெய்ததல்ல, தாளாகவே தைத்தது.

தறிச் சோதனைக்கு வருகிறேன். விடுப்பில் ஊருக்குப் போனபோது கோனை எடுத்துப் போனேன். வீட்டு விசைத்தறியில் ஓட்டலாமா என்று அப்பாவிடம் கேட்டதற்கு, “ஒரு ஷிப்டுக் கூலியை யாரு தருவா?” என்பதோடு பேச்சு முடிந்தது. சென்னிமலையில் கைத்தறி வைத்திருக்கிற மாமா ஒருவர் ஒத்துக்கொண்டார். தறியில் துண்டுக்கு ஓட்டியிருந்த 40-ஆம் நம்பர் இரட்டைப் பருத்திப் பாவு இருந்தது. அதன் கடைசிப் பகுதியை எனக்கு விட்டுக்கொடுத்தார்.

“ஏஞ்சாமி, காயிதத்துல நெஞ்ச துணிய மழையில கட்டிக்கிட்டு போனா என்னாகும்?” என்றார்.

“ஒண்ணும் ஆகாதுங்க மாமா. டீத்தூள் பை சுடுதண்ணியில கரையறதில்லீங்களே.”

“அதை யாரும் இடுப்புல கட்றதில்லியே.”

அப்படியே சுற்றின தார் முதலில் சரிப்பட்டு வரவில்லை. நூல் விறைப்பாக இருப்பதால் தார்க்குச்சியில் படியாமல் சுருள் சுருளாகச் சரிந்தது, தாரைச் சுமந்து குறுக்கே ஓடும் தறி நாடாவுக்குள் சிக்கியது. மாமா தார்களை ஈரத்துணியில் சுற்றி ராத்திரி முழுக்க வைத்தார். ஷிரோயிஷிக்காரர்கள் தாளை ஈரத்துணியில் வைத்த அதே காரியம். அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. காலையில் நூல் குழைந்திருந்தது, நாடா ஒழுங்காக ஓடியது. ஈரம் காயக் காயத் திரும்ப விறைக்கும், அதனால் ஒரு தார் முடிகிறவரைக்கும் கை நிற்கக்கூடாது. இன்னொரு தொந்தரவு கரை. பருத்தி ஊடை கொஞ்சம் நீண்டு கொடுத்துக் கரையில் இழுத்துப் பிடிக்கும். இதற்கு நீட்சி மிகக் குறைவு. இழுத்தால் துணி சுருங்குகிறது, விட்டால் கரையில் காது மாதிரி வளையம் நிற்கிறது. மாமாவின் கைக்கு அது பழக அரை முழம் துணி பிடித்தது. விசைத்தறியின் வெட்டி இழுக்கும் வேகத்துக்கு இந்த நூல் என்ன ஆகியிருக்கும் என்று அப்போது புரிந்தது, அப்பா தப்பித்தார்.

துணி நன்றாக வந்தது. மொடமொடப்பு, லேசான பளபளப்பு, அதே அளவு பருத்தித் துண்டைவிடக் கையில் எடை குறைவு. எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று: ஊடை ஓடின இடத்தில் பஞ்சே இல்லை. தறிக்கூடத்தில் புருவத்திலும் மூக்கிலும் பஞ்சு படிந்தே வளர்ந்தவனுக்கு அது பெரிய விஷயம். இந்த நூலைச் சூழலுக்கு நல்லது என்று விற்கிறவர்கள் காடு, கடல் என்று தூரத்தில் இருப்பதைப் பற்றியே பேசுகிறார்கள். நெய்கிறவனின் நுரையீரல் பற்றி ஓர் அட்டையிலும் ஒரு வரி பார்க்கவில்லை.

அந்தத் துணியை இரண்டாகப் பிரித்தோம். மாமாவின் பாதி துண்டாகவே இருக்கிறது, தோளில் போட மட்டும். என் பாதி ஒசாகாவில் வெயில் பக்கத்து ஜன்னலில் தொங்குகிறது. வலைப்பைக்குள் போட்டுக் கையால் அலசினேன். முதல் அலசலுக்குப் பிறகு கொஞ்சம் மென்மையானது. முறுக்கிப் பிழியாதீர்கள். பிழிந்தால் விழுகிற மடிப்பு இஸ்திரிக்கும் முழுசாகப் போவதில்லை, நூல் அந்த மடிப்பில்தான் முதலில் அறும்.

மிச்ச நூலை மூன்று இழையாகச் சேர்த்து மனைவி குரோஷே ஊசியில் ஒரு பை பின்னினாள். பின்னும்போது விரல் வலிக்கிறது என்றாள், கம்பளி மாதிரி நெகிழாது. தப்பாகப் பின்னினதைப் பிரித்தால் நூல் நெளிநெளியாக நிற்கும். கெட்டில் ஆவியில் காட்டினால் நேராகும். ஆனால் பை பையாக நிற்கிறது. காலியாகத் தரையில் வைத்தாலும் விழுவதில்லை, வெங்காயமும் உருளைக்கிழங்கும் போட்டாலும் தொங்கி நீள்வதில்லை. நீட்சி இல்லாத குணம் தறியில் தொந்தரவு, பையில் வரம். எங்கள் வீட்டில் இந்தக் கோனுக்கு முழு மதிப்பெண் வாங்கிக் கொடுத்தது பைதான்.

டென்மார்க்காரர்கள் இதை நம்மைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர்கள். ஹான்ஸ் வெக்னர் 1949-இல் வடிவமைத்த ஒய் வடிவ முதுகு கொண்ட நாற்காலியின் இருக்கை முழுக்கக் காகிதக் கயிறு. ஒரு நாற்காலிக்கு ஏறக்குறைய 120 மீட்டர், கையால் பின்னுகிறார்கள். ஃபின்லாந்தில் 1987-இல் தொடங்கிய வுட்நோட்ஸ் நிறுவனம் காகித நூலில் தரைவிரிப்பு நெய்து விற்கிறது. நாற்காலியையும் தரைவிரிப்பையும் யாரும் வாஷிங் மெஷினில் போடுவதில்லை. மாறாக, முதல் உலகப் போரில் கடல் முற்றுகையால் பருத்தியும் சணலும் வராமல் ஜெர்மனிக்காரர்கள் மரக்கூழ்க் காகித நூலில் சாக்கும் உடுப்பும் நெய்து தள்ளினார்கள். போர் முடிந்து பருத்தி வந்ததும் அந்த உடுப்பைத் தேடுவாரில்லை. குட்டை இழை, துவைக்க வேண்டிய துணி. இரண்டும் சேரவே கூடாத கூட்டு.

சூழல் கணக்கு கேட்பவர்களுக்கு: அபாக்கா ஒருதரம் நட்டால் பக்கக் கன்று விட்டுக்கொண்டே இருக்கும், வெட்டின தண்டுக்கு அடுத்த தண்டு வரும். அது நல்லது. நாரைக் கூழாக்கக் காரக் கரைசலில் (சோடா மாதிரி) வேக வைக்க வேண்டும், தண்ணீர் நிறைய வேண்டும், பிலிப்பைன்ஸிலிருந்து கப்பல் ஏற வேண்டும். அதையும் அட்டையில் போடலாம். கோன் நூலைத் தீ வைத்துப் பார்த்ததில் சாம்பல்தான், முத்து வரவில்லை. வாங்குகிறவர்கள் கடைக்காரரிடம் ஒரு துண்டு நூல் கேட்டு வாங்கி, வெளியே போய்க் கொளுத்திப் பார்க்கலாம். உள்ளே கொளுத்தாதீர்கள்.

விலைதான் கடைசித் தடை. 250 கிராம் 3,800 யென் என்றால் கிலோ 15,200 யென். ஒரு பையும் ஒரு ஜன்னலும் கிடைத்ததால் எனக்கு வருத்தமில்லை. பத்துத் துண்டு நெய்து விற்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் முதலில் ஒரு கோன் மட்டும் வாங்குங்கள். சென்னிமலையில் மாமா விலை கேட்டபோது பாதியாகக் குறைத்து ரூபாயில் சொன்னேன். தார்க்குச்சியில் மிஞ்சியிருந்த நூலை ஒரு சாண் விடாமல் சுற்றியெடுத்து என் பையில் போட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்.